பிரஷர் மீட்டரும் நீ வெட்டிய பாதியும்

ராஜா,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க வரவில்லை. அன்பு குறைந்துவிட்டது என்று நினைக்காதே, இன்றைக்கு அந்த வார்த்தை கைக்கு வர மறுக்கிறது, அவ்வளவுதான். நேற்று சாயங்காலம் தென்காசியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலில் நானும் உன் அம்மாவும் ஏறவில்லை. நீ போட்ட டிக்கெட் வீணாகிவிட்டது. புதன்கிழமை உன் புது வீட்டில் பால் காய்ச்சும்போது, எங்கே அப்பாவையும் அம்மாவையும் காணோம் என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்டால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவுக்குக் கோபம் என்று சொல். போனில் பேசலாம் என்றால் நான் கத்துவேன், நீ போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வாய், அது எனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். காக்கிச் சட்டை போட்டிருந்த காலமெல்லாம் ஊரார் வாக்குமூலத்தை எழுதியே கை தேய்ந்தவன் நான். இன்றைக்கு என்னுடையதை எழுதுகிறேன்.

புல்லட் வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தப் புனலூர்ப் பையன் வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவான். அவனிடம் வண்டியைக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் இப்போது கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ இதை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டாய்.

போன வருடம் சூரியகாந்தி பூத்திருந்த சமயம் சுந்தரபாண்டியபுரம் போய்விட்டுத் திரும்பும்போது விழுந்தேன். ரோட்டோரம் முழுக்க போட்டோ எடுக்க வந்த கூட்டம். குறுக்கே ஒரு நாய் வந்தது. பிரேக் பிடித்தேன், வண்டி சாய்ந்தது, முழங்கையிலும் நெற்றியிலும் சிராய்ப்பு. நடந்தது இதுதான். அங்கே நின்றிருந்த ஒரு பெண், "நாய் ஒண்ணும் வரலையே, பெரியவரு தன்னால சாஞ்சிட்டாரு" என்று உன் அம்மாவிடம் சொன்னாளாம். அவள் பூவுக்கு நடுவில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு ரோட்டில் போகிற நாய் எங்கே தெரியும்? அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் நாய் என்று வாயைத் திறந்தாலே உன் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். டாக்டர், "தலை சுத்துச்சா?" என்று கேட்டார், இல்லை என்றேன். ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வண்டிச் சாவியை உன் அம்மா அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தாள். போலீஸ்காரனிடம் போய் அரிசி டிரம். அடுத்த நாளே எடுத்துவிட்டேன். அதன் பிறகு தினமும் சண்டை. நான் ஹெல்மெட்டை எடுத்தால் அவள் தட்டை வைக்கிற சத்தம் மாறும். உன் மாமா போனில் புத்தி சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கூட, "எதுக்கு ஏட்டய்யா இந்த வயசுல" என்று ஆரம்பித்தார். ஊரே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அந்த நேரத்தில்தான் நீ போன் பண்ணினாய். இந்த வருடம் சித்திரை மாதம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "எப்பா, உங்க புல்லட்ல ஆயில் ஒழுங்கா ஏறுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? காலேஜ் முடித்துப் போனதிலிருந்து வண்டியைப் பற்றி நீயாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்ஜினின் மேல்பாகத்து ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் மெல்லிய குழாய் இருக்கிறதே, அதன் போல்ட்டைக் கொஞ்சம் இளக்கிப் பார்த்தால் எண்ணெய் கசியும், கசிந்தால் ஏறுகிறது என்று அர்த்தம் என்று சொன்னேன். "அதெல்லாம் எதுக்குப்பா? நான் ஒரு பிரஷர் மீட்டர் அனுப்புதேன். மாட்டிருங்க. முள்ளப் பாத்தாத் தெரிஞ்சிரும். நீங்க நிம்மதியா ஓட்டலாம்" என்றாய். நிம்மதியாக ஓட்டலாம். இதை நீதான் சொன்னாய், ராஜா, உன் வாயால். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம், "எல்லாரும் ஓட்டாத ஓட்டாதங்கிய, எம் மவன் எனக்கு மீட்டர் வாங்கி அனுப்புதான்" என்று பீற்றிக்கொண்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்தே பார்க்கவில்லை. எதிர்த்துப் பேச வார்த்தை கிடைக்காமல் சும்மா இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மீட்டர் கூரியரில் வந்தது. கண்ணாடி போட்ட சின்ன வட்டம், சிவப்பு முள். அதை மேஜையில் வைத்து ரெண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாட்டுவது நீ நினைத்த மாதிரி லேசுப்பட்ட வேலை இல்லை. ஹெட்டுக்குப் போகிற குழாயின் போல்ட்டைக் கழற்றிவிட்டு, நடுவில் துளை போட்ட வேறொரு போல்ட்டை மாட்டி, அதன் தலையிலிருந்து மீட்டருக்குக் குழாய் இழுக்க வேண்டும். மீட்டரின் திருகு மரை ஒரு கணக்கு, வண்டியின் மரை வேறு கணக்கு. ஒன்றோடு ஒன்று சேரவே சேராது. நடுவில் மாட்ட ஒரு பித்தளைத் துண்டு கடைந்து வாங்குவதற்காக செல்லத்துரை அண்ணாச்சியின் லேத் பட்டறைக்கு நடையாய் நடந்தேன். உனக்கு அவரைத் தெரியும், வேலையைவிட வாய்தான் அதிகம் ஓடும். "ஏட்டய்யா, இந்த வண்டிக்கு மீட்டரு மாட்டுறது, நம்ம வயசு ஆளுக்கு கூலிங் கிளாஸ் போட்ட மாதிரில்லா" என்று பட்டறைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பேச்சு சுவாரசியத்தில் முதல் துண்டைத் தப்பான மரையில் கடைந்து கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் பாதியிலேயே நின்றது. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அதான் கூலிங் கிளாஸ்னேன்லா, இது சும்மா அழகு பாக்கதுக்கு" என்று அதற்கும் ஒரு பேச்சு.

செம்பு வாஷரை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால்தான் இளகும், இளகினால்தான் கசியாமல் உட்காரும். அதைக் கேஸ் அடுப்பில் காய்ச்சினேன், உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மரையில் வெள்ளை டேப் சுற்றினால் போதும் என்று அண்ணாச்சி சொன்னார். நான் கேட்கவில்லை. டேப் பிய்ந்து ஒரு துணுக்கு எண்ணெய்க் குழாய்க்குள் போனால் இன்ஜினுக்கே வினை. அப்படியும் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணியபோது எண்ணெய் பீய்ச்சி அடித்து, கல்யாண வீட்டுக்குப் போவதற்காகக் கட்டியிருந்த வேட்டி போச்சு. உன் அம்மா வாசலில் நின்று, "வண்டிக்குப் பிரஷர் பாக்க இந்தப் பாடு படுதாரு, தனக்கு பிரஷர் பாக்கணும்னா மட்டும் ஆஸ்பத்திரி தூரமாயிருது" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த வேலையில் நான் அவ்வளவு குஷியாக இருந்தேன். குழாய் அதிர்ந்து உடையாமலிருக்க நடுவில் ஒரு சுற்று சுற்றிவிட்டேன். மீட்டரைக் கைப்பிடிக்குப் பக்கத்தில், கண் பார்வைக்குத் தோதாக, பட்டி போட்டு முடுக்கினேன். எந்தப் போல்ட்டை முடுக்கினாலும், பையன் அனுப்பியது, சரியாக உட்கார வேண்டும் என்ற நினைப்புதான்.

முடிந்தது என்று சொன்னதும், "வீடியோ எடுத்து அனுப்புங்கப்பா, நான் பாக்கணும்" என்றாய். வீடியோவை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு அதிலேயே தொடர்ந்து எடுக்கிற பட்டன் எது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தாய். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது உதைத்து ஸ்டார்ட் பண்ணி முள்ளைக் காட்டினேன். விறுவிறு என்று ஏறி நின்றது. நான் என்ன பேசினேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ராஜா, முள்ளு எப்படி நிமிந்து நிக்குது பாத்தியா? ஒன் மீட்டரு சூப்பர்லே. இந்த வயசுல எனக்கு இத வாங்கி அனுப்ப வேற எவன் இருக்கான், நீதாம்லே மக்கா." அப்புறம் வீடியோவை நிறுத்தி வைத்துவிட்டு இலஞ்சி வழியாகக் குற்றாலம் போய், ஐந்தருவி ஏற்றம் ஏறித் திரும்பி வந்து, வாசலில் நின்றபடி மீதியை எடுத்தேன். அதில் முள் படுத்திருந்தது. "இங்கன பாரு. நல்லா சூடாயிட்டு. முள்ளு படுத்துட்டு, ரேஸ் குடுத்தாலும் எழும்ப மாட்டேங்கு. பம்பு தேஞ்சிருக்கு. இதப் பிரிச்சுப் பாக்காம மலைப் பாதைக்குக் கொண்டு போகக் கூடாது, எண்ணெய் இல்லாம இன்ஜின் இறுகிப் பிடிச்சிரும்" என்று அதையும் சொல்லித்தான் அனுப்பினேன். மீட்டர் மாட்டியதே இதற்குத்தானே. நல்லதை மட்டும் காட்டுகிற மீட்டர் எதற்கு? நீ ஒரு கட்டை விரலை அனுப்பினாய். பையன் வேலையில் இருக்கிறான், பிறகு பேசுவான் என்று இருந்துவிட்டேன்.

முந்தாநாள் சனிக்கிழமை மத்தியானம், சாரல் விட்டிருந்த நேரம். வாசலில் ஒரு கார் வந்து நின்றது, கேரள நம்பர். இளவட்டப் பையன் ஒருத்தன், கூட அவன் பெண்டாட்டி. ரெண்டு பேருக்கும் தலை ஈரம் காயவில்லை, பையன் தோளில் துண்டு, அருவிக் குளியல் முடித்துவிட்டு நேராக வருகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. "சாரே, வண்டி ஒண்ணு காணலாமோ?" என்றான். சீசனுக்கு வருகிறவர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு நின்று பேசுவது புதிதில்லையே. உட்காரச் சொன்னேன். உன் அம்மா டீ போட்டாள். அவன் பெயர் பிஜு, ஊர் புனலூர், பழைய வண்டி என்றால் உயிராம். பிள்ளை மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், டேங்கைத் தடவினான், மீட்டருக்கு முன்னால் குனிந்து பார்த்தான். எனக்கும் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். வாஷர் காய்ச்சிய கதை, வேட்டி போன கதை, எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "திங்கக்கிழமை வந்து எடுத்துக்கோன்னுதான் ராஜா சார் சொன்னாரு. வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, சாவி பக்கத்து வீட்ல இருக்கும்னும் சொன்னாரு. இன்னைக்கு குளிக்க வந்தோமில்லே, அப்போ சாரையும் ஒண்ணு கண்டுட்டுப் போகலாம்னு நினைச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எதை எடுக்க என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சந்தோஷத்தில் போனை எடுத்து, "மீட்டர் வச்சுக் காட்டினாத்தான் வாங்குவேன்னு ஞான்தான் ராஜா சார்ட்டச் சொன்னது. சாரோட வீடியோ ஞான் எத்தனை தடவை கண்டுன்னு அறியாமோ" என்று போட்டுக் காட்டினான். என் குரல் கேட்டது. முள்ளு எப்படி நிமிந்து நிக்குது பாத்தியா. இத வாங்கி அனுப்ப வேற எவன் இருக்கான், நீதாம்லே மக்கா. உனக்கென்று நான் பேசியது, யாரோ ஒருத்தன் உள்ளங்கையிலிருந்து வந்தது. அந்தப் பெண், "நல்ல அச்சன்" என்று சொன்னாள், நல்ல அப்பாவாம். அதோடு வீடியோ நின்றுவிட்டது. மீதி வரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நான் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்து இவன் ஏமாந்தவன், இவன் ஏமாற்றியவன் என்று பிரித்து வைத்தவன். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. வண்டி விற்கிற விஷயம் சாருக்குத் தெரியாதோ என்று அவனுக்கே சந்தேகம் வந்து, "சார் அறிஞ்சில்லே?" என்று கேட்டான். தெரியும் என்று சொன்னேன். பையன் சொல்லியிருந்தான், நான்தான் நாளை மறந்துவிட்டேன் என்று சொன்னேன். இது பொய். மூன்றாம் மனிதன் முன்னால் என் மகன் கள்ளத்தனம் பண்ணியவனாக நிற்கக்கூடாது என்று நான் சொன்ன பொய். நீ என்னை விற்ற அதே நிமிடத்தில் நான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன், இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவன் புறப்படுகிற சமயத்தில், இந்த வண்டியை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். முதல் ஓட்டம் மூணாறுக்கு, இவளையும் கூட்டிக்கொண்டு என்றான். அவள் அவன் தோளைத் தட்டினாள். "திங்கக்கிழமை வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. வண்டியில ஒரு விசயம் இருக்கு, அத எம் மவனே வந்து உங்ககிட்டச் சொல்லுவான்" என்று சொல்லி அனுப்பினேன்.

கார் திரும்பியதும் உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. "ஆமா, தெரியும். நாந்தான் அவன்ட்டச் சொன்னேன். நீங்க விழுவீக, நான் பாத்துக்கிட்டு இருக்கவா? கோவப்படணும்னா என்ட்டப் படுங்க" என்றாள். பக்கத்து வீட்டில் கொடுப்பதற்கு ரெண்டாவது சாவியை எடுத்து வைத்திருந்ததும் அவள்தான். கோபம் வந்தது, கத்தினேன். அவளும் திருப்பிக் கத்தினாள். ஆனால் கேட்டதும் சொல்லிவிட்டாளே, அந்த மட்டில் அவள் உன்னைவிட ஆயிரம் மடங்கு மேல். வீடியோவில் நீ வெட்டியது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ அந்தப் புள்ள அவளையும் வச்சுக்கிட்டு மலையில இறங்கும்போது பிடிச்சிட்டுன்னா?" என்று கேட்டாள். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், எதிரே லாரி வந்தால் முடிந்தது என்று சொன்னேன். பிறகு உள்ளே போய், ஊருக்குக் கொண்டுவர எடுத்து வைத்திருந்த முறுக்கு டப்பாவைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள். ரயிலுக்கு வராதது என் தீர்மானம் மட்டும் இல்லை, ராஜா.

உடனே உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய்? "வீடியோ பெருசா இருந்துச்சுப்பா, போகல, அதான் கட் பண்ணி அனுப்புனேன்." பெரிதாக இருந்தால் முன்னாலேயும் வெட்டலாம், பின்னாலேயும் வெட்டலாம். நீ சரியாக எந்த இடத்தில் வெட்டியிருக்கிறாய் என்று நான் என் கண்ணால் பார்த்தேன். "எங்கன வெட்டுன?" என்று மட்டும் கேட்டேன். "அதச் சொன்னா வாங்க மாட்டாம்பா" என்றாய். "அவன் பொண்டாட்டி பின்னால உக்காருவாலே" என்றேன். "அவன் பழைய வண்டி ரிப்பேர் பண்ணுதவன்ப்பா, எடுத்ததும் பிரிச்சுத்தான் பாப்பான்" என்றாய். "பாப்பானா? கேட்டியா அவன்ட்ட?" என்றேன். நீ, "எப்பா..." என்று இழுத்தாய். நானே போனை வைத்துவிட்டேன். கத்தாமல் வைத்துவிட்டாரே என்று நீ பயந்து போய் உன் அம்மாவுக்குப் போன் பண்ணினாயாம். அவள் எடுக்கவில்லை.

இப்போது எனக்கு எது வலிக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும். வண்டி போவது இல்லை. அது என்றைக்கோ ஒரு நாள் போகத்தான் வேண்டும். ஆர்.சி. உன் பெயரில்தான் இருக்கிறது, மறுபதிவுக்கு அலைய முடியாது என்று நானே மாற்றிக் கொடுத்தேன், விற்க உனக்கு உரிமை இருக்கிறது. வலிப்பது இதுதான்: நீ என் நிம்மதிக்காக மீட்டர் அனுப்பவில்லை, வாங்குகிறவன் அதைக் கேட்டான் என்று அனுப்பினாய். என்னையே அதை மாட்ட வைத்தாய். என் வாயாலேயே அதற்குச் சாட்சி சொல்ல வைத்தாய். அதையாவது முழுதாக விட்டாயா? பாதியை வெட்டி என் சாட்சியைப் பொய்ச் சாட்சியாக ஆக்கினாய். என் உத்தியோகத்தில் எவனாவது என் பெயரைச் சொல்லி ஒரு பொய்க் கையெழுத்து வாங்கியது உண்டா என்று இந்தத் தென்காசியில் யாரை வேண்டுமானாலும் கேள். அப்பன் விழுந்துவிடக் கூடாது என்று நினைத்தாய், சரி, அது பாசம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உன் அப்பன் விழாமல் இருப்பதற்கு இன்னொருத்தன் பிள்ளை விழ வேண்டுமா? அந்தப் பெண் என் டீயைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் முகம் தெரியாது என்பதால்தானே உனக்கு வெட்ட மனசு வந்தது? எனக்கு அந்த முகம் தெரியும். இந்த ரெண்டு நாளும் கண்ணை மூடினால் அவள்தான் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

நீ எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை, அதனால்தான் இன்னும் வயிற்றெரிச்சல். ரெண்டாம் வருடம் படிக்கும்போது உன்னைச் செங்கோட்டையிலிருந்து பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பிரானூர் தாண்டுவதற்குள், என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "எப்பா, ரெண்டு பேப்பர் போச்சு" என்றாய். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கேரள லாரிக்காரர்கள் எல்லாம் இறங்கி வேடிக்கை பார்க்கிற அளவுக்கு உன்னைத் திட்டினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய், ஓடவில்லை, ஒரு சாக்கும் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை வறண்டதும் எதிர்க் கடைக்குக் கூட்டிப் போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். நீ அழுதுகொண்டே சால்னா இன்னும் கொஞ்சம் கேட்டாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "பாஸ் ஆவான், ஆகாமப் போவான். நம்மட்ட மறைக்க மாட்டான்" என்று சொன்னேன். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் நான் உன்னைப் பற்றி வெளியில் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் வாய் மோசம், கையும் சட்டென்று ஓங்கிவிடும், அது உனக்குப் பயம் என்றால் எனக்குப் புரிகிறது. ஆனால் அதையெல்லாம் பார்த்து வளர்ந்த நீ, நேராகச் சொன்னவனை இந்த அப்பன் ஒருநாளும் கைவிட்டதில்லை என்பதையும் பார்த்துத்தானே வளர்ந்தாய். இப்போது உனக்கே வீடு வந்துவிட்டது. அந்த வீட்டில் உனக்கு வேண்டியவர்களுக்கு நல்லது செய்ய வேண்டியிருக்கும். அவர்களிடம் சொல்லாமல் செய்கிற நல்லதைச் செய்யாதே. அதைவிட அவர்களோடு நாலு நாள் பேசாமல் இருப்பது மேல்.

சரி, என் பதிலைச் சொல்கிறேன். பால் காய்ச்சு. வந்தவர்களுக்கு நல்லபடியாகச் சாப்பாடு போடு. மருமகளிடம் எங்களுக்கு அவள் மேல் கோபமில்லை என்று சொல். சனிக்கிழமை ராத்திரி ரயில் ஏறி நீ மட்டும் வா. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை நீயே எடுத்துக்கொண்டு ஐந்தருவி வரைக்கும் போய், நன்றாகச் சூடாக்கிக் கொண்டு வா. பிஜு வந்ததும் அவனையும் அந்தப் பெண்ணையும் மீட்டருக்கு முன்னால் நிறுத்தி, படுத்திருக்கிற முள்ளைக் காட்டு. வீடியோவை வெட்டினது நான்தான் என்று உன் வாயால் சொல். அவன் அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் பம்பைப் பிரித்துச் சரி பண்ணிக் கொடுப்போம், வேண்டாம் என்றால் அது அவன் இஷ்டம், அவனை வற்புறுத்தக் கூடாது.

அவர்கள் போன பிறகு என் எதிரே வந்து உட்கார். உன் அம்மாவை நடுவில் இழுக்காதே. "அப்பா, நீங்க இனிமே வண்டி ஓட்டக் கூடாது" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். நான் சண்டை போடுவேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி போடுவேன். நீ எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டுக்கொள். போட்டு முடித்ததும் சாவியை எடுத்து உன் கையில் தருவேன்.

அப்பா